கொல்லிமலைக் கோழியின் குலக்கணக்கு

ஒரு கோடி முட்டைகளை ஒரு மனிதன் எண்ணி முடிக்க எவ்வளவு காலம் ஆகும்? விநாடிக்கு ஒன்று வீதம், உண்ணாமல் உறங்காமல் எண்ணினாலும் 115 நாட்களுக்குக் குறையாது. நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளிலோ அதைப் போல் சில மடங்கு முட்டைகள் ஒரே நாளில் அட்டைகளில் அடுக்கப்பட்டு லாரி ஏறுகின்றன. இவற்றை இடுபவை பெரும்பாலும் வெள்ளை லெகார்ன் வம்சத்துக் கோழிகள். கம்பிக் கூண்டில் நின்ற இடத்திலேயே தீனி தின்று, நின்ற இடத்திலேயே முட்டையிட்டு, வருஷத்துக்கு முந்நூறுக்கு மேல் கணக்குக் காட்டும் உத்தியோகஸ்தர்கள் அவை!

அதே நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் கோழியின் ஜாதகமே வேறாகிவிடுகிறது. கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று குண்டனி நாடு. நெல் விளையும் பள்ளங்களும், மிளகுக் கொடியும், பலாவும், மரவள்ளிக் காடுகளுமாகப் பரந்திருக்கும் அந்த மலைநாட்டில் வீட்டு முற்றத்துக் கோழிக்குத் தனியாகத் தீனிச் செலவு கிடையாது. சிந்திய தானியம், கறையான், புழு பூச்சி, கீரைக் கொழுந்து, இவைதான் ஆகாரம். வருஷத்தில் அறுபது எழுபது முட்டை இட்டால் அதிகம். கணக்குப் பிள்ளையின் கண்ணுக்கு இது உதவாக்கரைக் கோழி.

ஆனால் கீழே கூண்டில் நிற்கும் லெகார்னின் காலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மஞ்சளாக இருக்கிறதல்லவா? அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போன விஞ்ஞானிகள் கடைசியில் வந்து நின்ற இடம் நம் தென்னாட்டுக் காடு.

காட்டுச் சேவலின் கைங்கரியம்

லெகார்ன் என்பது இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயரை ஒட்டி வந்த பெயர். அங்கிருந்து 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, பிறகு உலகமெங்கும் பரவிய கோழி அது. உலகத்து வளர்ப்புக் கோழிகள் அனைத்துக்கும் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி ஒன்றே என்று 1868-ல் சார்லஸ் டார்வின் எழுதினார். நெடுங்காலம் அதுவே வேதவாக்காக இருந்தது. அந்தக் கோழி கிழக்காசியக் காடுகளிலும் வட இந்தியாவிலும் வாழ்வது. 2020-ல் வெளியான பெரிய மரபணு ஆராய்ச்சியும், வளர்ப்புக் கோழியின் முக்கிய மூதாதை தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, பர்மா ஆகிய பகுதிகளில் வாழும் செங்கோழி வகையே என்று உறுதி சொல்லியது. ஆக, டார்வின் சொன்னது பெரும்பாலும் சரிதான்.

பெரும்பாலும் என்றுதான் சொல்லவேண்டும். ஏனென்றால் செங்காட்டுக் கோழியின் தோலும் காலும் மஞ்சள் அல்ல. 2008-ல் ஸ்வீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலையில் லெய்ஃப் ஆண்டர்சன் தலைமையிலான குழுவினர் இந்த மஞ்சளுக்குக் காரணமான மரபணுவைத் துருவிப் பார்த்தார்கள். அது செங்கோழியின் சொத்தே அல்ல. சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலப்பினால் வந்து சேர்ந்தது என்று தெரிந்தது.

சாம்பல் காட்டுக்கோழி தீபகற்ப இந்தியாவுக்கே உரிய பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கொல்லிமலை போன்ற கிழக்குக் குன்றுகளிலும் விடியற்காலையில் அதன் கூவலைக் கேட்கலாம். வீட்டுச் சேவலின் கூவலைப் போல நீட்டி முழக்காமல் வெட்டி வெட்டிக் கூவும். புதுச்சேரியில் இருந்து சென்ற பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782-ல் வெளியிட்ட தம் பிரயாண நூலில் இந்தப் பறவையைப் பற்றி எழுதினார். விஞ்ஞானப் பெயரிலும் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. அதன் கழுத்து இறகில் மெழுகு வைத்தாற்போல் மஞ்சள் புள்ளிகள் உண்டு. சீமையில் மீன் பிடிக்கும் துரைமார்கள் தூண்டிலில் கட்டும் போலிப் பூச்சிக்கு இந்த இறகைத்தான் தேடுவார்கள். அதற்காகவே கொல்லப்பட்ட சேவல்கள் ஏராளம்.

மஞ்சள் கால் சமாசாரத்தின் சூட்சுமம் மிகவும் எளியது. கீரையிலும் மக்காச்சோளத்திலும் மஞ்சள் சத்து இருக்கிறது. கோழி தின்கிற இந்தச் சத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று செங்கோழியின் தோலில் வேலை செய்கிறது. ஆகவே தோல் வெளுத்திருக்கும். சாம்பல் கோழியிடமிருந்து வந்த மரபணுவோ அந்த நொதியைத் தோலில் மட்டும் ஓய்வெடுக்கச் சொல்லிவிடுகிறது. தகப்பன் வழி ஒன்று, தாய் வழி ஒன்று என இரண்டு பிரதிகளும் அப்படி அமைந்த கோழிக்குத் தோலில் மஞ்சள் தங்கிவிடும். இப்படிப்பட்ட கோழி நிறைய முட்டையிட்டால் அந்த மஞ்சள் கருவுக்குப் போய்க் கால் மெல்ல வெளுத்துவிடும். முட்டையிடாத சோம்பேறிக் கோழியைக் காலின் நிறம் பார்த்தே கழிக்கிற பண்ணைக்காரர்களுக்கு, தாங்கள் பார்ப்பது ஒரு தென்னாட்டுக் காட்டுச் சேவலின் கைங்கரியம் என்று தெரிந்திருக்குமோ என்னவோ!

கொண்டையில் கண்ட கணிதம்

உலகத்துக் கோழிப் பண்ணைகளுக்கு இந்தியா கொடுத்த சீதனம் இதோடு முடியவில்லை. பட்டாணிகளை வைத்து மெண்டல் கண்ட பாரம்பரிய விதிகள் 1900-ல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தபோது, அவை செடிக்கு மட்டும்தானா, பிராணிகளுக்கும் பொருந்துமா என்று கேள்வி எழுந்தது. இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன் கோழிகளைச் சேர்த்துப் பார்த்து, பொருந்தும் என்று 1902-ல் காட்டினார். ‘ஜெனடிக்ஸ்’ என்ற பெயரை 1905-ல் இந்தச் சாஸ்திரத்துக்குச் சூட்டியவரும் அவரே.

பேட்சன் பார்த்தது கோழியின் கொண்டையை. ஒற்றைப் பல்லாக நிமிர்ந்த கொண்டை ஒன்று. ரோஜாக் கொண்டை ஒன்று. மூன்று சிறு வரியாகப் படிந்திருக்கும் பட்டாணிக் கொண்டை ஒன்று. ரோஜாவையும் பட்டாணியையும் சேர்த்தால் குஞ்சுக்கு இரண்டும் இல்லாமல் அக்ரூட் பருப்புப் போன்ற புதுக் கொண்டை முளைத்தது. அந்தக் குஞ்சுகளுக்குள் மறுபடி சேர்த்தால் அக்ரூட் 9, ரோஜா 3, பட்டாணி 3, ஒற்றை 1 என்ற விகிதத்தில் பேரக் குஞ்சுகள் பிறந்தன. பாட்டனிடமும் பாட்டியிடமும் காணாத ஒற்றைக் கொண்டை பேரனிடம் தலைகாட்டிய அதிசயத்தைக் கோழிக்கூண்டிலேயே கணக்காகப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

அவருடைய பரிசோதனையில் பட்டாணிக் கொண்டையுடன் நின்ற கோழியின் பெயர் ‘இந்தியன் கேம்’. நம் நாட்டு அசில் சண்டைக் கோழியின் இரத்தத்தைச் சேர்த்து இங்கிலாந்தின் கார்ன்வால் பிரதேசத்தில் உருவாக்கிய இனம் அது. பிற்பாடு அமெரிக்காவில் அதற்கு ‘கார்னிஷ்’ என்று பெயர் மாறியது. இன்று உலகத்தில் இறைச்சிக்காக வளர்க்கும் பிராய்லர் கோழிகளின் தகப்பன் வழி அந்தக் கார்னிஷ்தான். அகன்ற மார்பும் கெட்டியான சதையும் அங்கிருந்து வந்தவை. பல்லடத்துப் பிராய்லருக்கும் சண்டைக்களத்து அசிலுக்கும் உறவு இருக்கிறது என்றால் இரண்டுமே வெட்கப்படும்!

உதவாக்கரை என்று யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இவை இரண்டும் அத்தாட்சி. சாம்பல் காட்டுக்கோழியை யாரும் முட்டைக்காக வளர்க்கவில்லை. அசிலை யாரும் ஓட்டல் பிரியாணிக்காகக் காப்பாற்றி வைக்கவில்லை.

முற்றத்தில் மேயும் களஞ்சியம்

குண்டனி நாட்டைப் போன்ற மலைநாட்டு முற்றங்களிலும், சமவெளிக் கிராமங்களிலும் மேய்கிற நம் நாட்டுக் கோழியை ஜனங்கள் உருவம் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். சிறுத்த உடம்பு என்றால் சிறுவிடை, பெருத்தது பெருவிடை, தலையில் இறகுக் குடுமி இருந்தால் கொண்டைக் கோழி, கழுத்தில் இறகே இல்லாதது கிராப்புக் கோழி. இவற்றுள் கிராப்புக் கோழியைக் கண்டு சிரிக்கிறவர்கள் அதிகம். ஆனால் அந்த மொட்டைக் கழுத்து ஒரே ஒரு மரபணுவின் வேலை. உடம்பு முழுவதிலும் இறகை அது குறைக்கிறது. வெயில் காலத்தில் கோழிக்கு அதுவே விசிறி. தகப்பன், தாய் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்த கோழிக்குக் கழுத்து முழு மொட்டை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் முன்கழுத்தில் ஒரு சிறு இறகுக் கொத்து எஞ்சியிருக்கும். அந்தக் கொத்தைப் பார்த்தே கோழியின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம். வெப்பம் ஏறிவரும் இந்தக் காலத்தில் வெளிநாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் இந்த மொட்டைக் கழுத்தை மிகவும் மரியாதையோடு பார்க்கின்றன.

கால் நிறத்திலும் ஒரு கண்காட்சியே உண்டு. மஞ்சள் கால், வெள்ளைக் கால் மட்டுமல்ல. பச்சைக் காலும் உண்டு, ஈயம் போன்ற நீலக் காலும் உண்டு. அடித்தோலில் கறுப்பு நிறமி இருந்து மேல்தோலில் மஞ்சளும் இருந்தால் பச்சை. மேல்தோல் வெளுத்திருந்தால் நீலம். கோயிலுக்கு நேர்ந்துகொள்ளும்போது செஞ்சேவல், கருஞ்சேவல் என்று நிறம் குறிக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. பண்ணை வெள்ளைச் சேவலைக் கொண்டுபோய் நிறுத்தினால் சாமி ஒப்புக்கொள்ளாது. அந்த வகையில் நம் கிராம தேவதைகள் நாட்டுக் கோழி வளர்ப்புக்குச் செய்திருக்கும் உபகாரம் கொஞ்ச நஞ்சமல்ல.

எல்லாவற்றிலும் பெரிய குணம் அடைகாப்பது. பன்னிரண்டு பதினைந்து முட்டை இட்டதும் நாட்டுக் கோழி முட்டையிடுவதை நிறுத்திக்கொண்டு படுத்துவிடும். இருபத்தோரு நாள் தவம். பிறகு குஞ்சுகளைச் சிறகில் ஒடுக்கி, கிளறிக் காட்டி, பருந்து தெரிந்தால் ஒரு குரல், தரையில் ஆபத்து வந்தால் வேறு குரல் என்று வளர்க்கும். இந்த நாட்களில் முட்டை கிடையாது. இதைத்தான் பண்ணைக்காரர் நஷ்டம் என்றார். அடைபடுக்கும் சுபாவமுள்ள கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்து, தாய்மையையே மறந்த லெகார்னை ஆக்கினார்கள். மின்சாரப் பொறி இருக்கும் ஊரில் அது லாபம்தான். மலைமேல் வீட்டுக்காரிக்குப் பொறியும் இல்லை, குஞ்சு விற்கும் பண்ணையும் பக்கத்தில் இல்லை. அவளுக்கு அடைபடுக்கும் கோழிதான் பொறி, அதுதான் செவிலி, அதுதான் காவல்காரி.

மூன்று சேவல், மூன்று வருஷம்

இந்தக் கோழிக்கு இப்போது ஆபத்து எங்கிருந்து வருகிறது? நரியும் கீரியும் எந்தக் காலத்திலும் இருந்தவை. புது ஆபத்து சேவல் ரூபத்தில் வருகிறது.

நாட்டுக் கோழிக்கு நகரத்தில் நல்ல விலை. ஆகவே நாட்டுக் கோழி என்ற பெயரிலேயே கலப்பினக் குஞ்சுகள் வியாபாரமாகின்றன. பெங்களூரில் உருவான கிரிராஜா, ஹைதராபாத்தில் உருவான வனராஜா முதலியவை சர்க்கார் ஆராய்ச்சி நிலையங்கள் நல்ல நோக்கத்தோடு கொடுத்த வகைகள். வேகமாக வளரும், முட்டையும் கூடுதல். அவற்றை வாங்கி வளர்ப்பதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சேவல் கறிக்குப் போகாமல் ஊர்க் கோழிகளோடு கூடிவிட்டால் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வருஷத்துக் குஞ்சுகளிடம் ஊர் இரத்தம் பாதி. மறு வருஷம் இன்னொரு கலப்புச் சேவல் வந்தால் கால் பங்கு. மூன்றாம் வருஷம் மூன்றாவது சேவல், மிச்சம் அரைக்கால். பல நூற்றாண்டுகள் அந்த மலையின் மழைக்கும் பனிக்கும் பருந்துக்கும் தப்பிப் பிழைத்துத் தேர்ந்த வம்சம் மூன்றே வருஷத்தில் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. கோழி முற்றத்தில் இருக்கும்; நிறம்கூட ஓரளவு பழைய நிறமாகவே இருக்கும். அடைகாக்க மட்டும் ஆள் இராது.

கோழியைப் பொறுத்தவரை ஒரு பெட்டை தன் ஆயுளில் சில டஜன் குஞ்சுகளுக்குத் தாய். சேவலோ தெரு முழுவதற்கும் தகப்பன்.

பண்ணை வம்சங்களில் இருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாமே என்றால் அங்கேயும் சரக்குக் குறைவு. அமெரிக்காவின் பர்டியூ சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்லியம் மியூர் முதலியோர் 2008-ல் உலக வியாபாரக் கோழி வம்சங்களைச் சோதித்தார்கள். மூதாதை இனங்களில் இருந்த மரபணு வேறுபாட்டில் பாதிக்கு மேல் அந்த வம்சங்களில் காணப்படவில்லை. உலகத்து முட்டைக் கோழிகளின் மூல வம்சங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகளின் கையில் இருக்கின்றன. ஒரே மாதிரிக் கோழி, ஒரே மாதிரித் தீனி, ஒரே மாதிரி நோய்.

விதைக்குப் பானை உண்டு, கோழிக்கு?

கொல்லிமலையில் ஏறக்குறைய இதே கதை ஒருமுறை தானியத்தில் நடந்திருக்கிறது. மரவள்ளி பரவியபோது சாமையும் கேழ்வரகும் திணையும் காட்டை விட்டு விலகத் தொடங்கின. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மலைவாசிகளோடு சேர்ந்து பழைய சிறுதானிய வகைகளைத் தேடிப் பிடித்து, கிராமங்களிலேயே விதைக் களஞ்சியம் வைத்தார்கள். காய்ந்த விதைக்கு ஒரு சௌகரியம் உண்டு. பானையில் போட்டு வேப்பிலை சேர்த்து வைத்தால் அடுத்த பட்டத்துக்கு முளைக்கும். குளிரறையில் வைத்தால் எத்தனையோ வருஷம் தாங்கும்.

முட்டையை அப்படி வைக்க முடியாது. மஞ்சள் கரு பெரிது. உறைய வைத்தால் கரு செத்துப்போகும். மாட்டுக்கு விந்தை உறைய வைத்து ஊர் ஊராக ஊசி போடுகிறார்களே என்றால், சேவலின் விந்து உறைந்து உருகும்போது வீரியம் பெரிதும் குன்றுகிறது. அது வெற்றியானாலும் பாதிச் சொத்துதான் கிடைக்கும். பறவைகளில் பெட்டைக்கு மட்டுமே உரிய நிறக்கோல் ஒன்று உண்டு. அது சேவலிடம் கிடையவே கிடையாது. டாலி என்ற ஆட்டை 1996-ல் நகலெடுத்துப் பிறப்பித்த ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிலையத்தில், கோழிக் கருவிலிருந்து முதிராத இனவிருத்தி அணுக்களை எடுத்து வளர்த்து உறைய வைக்கும் வித்தை நடக்கிறது. அது பெரிய ஆராய்ச்சிக்கூடங்களின் காரியம். அதுவரை கோழிக்கு விதைப்பானை முற்றத்தில் மேயும் கோழியேதான்.

அரியானாவின் கர்னாலில் நாட்டுக் கால்நடை இனங்களுக்குப் பதிவேடு வைக்கும் தேசியப் பணியகம் இருக்கிறது. அசில், கடக்நாத், தலைச்சேரி, நிக்கோபாரி என்று பெயர் பெற்றவை அதில் ஏறியிருக்கின்றன. பெயர் ஏறினால் கவனம் வரும், பணமும் வரும். சாதாரண முற்றத்துக் கோழி ‘நாட்டுக் கோழி’ என்ற ஒரே பொதுப் பெயருக்குள் அடங்கிக் கிடக்கிறது. போனாலும் யாருக்கும் தெரியாது.

எத்தனை சேவல் வேண்டும்?

வம்சத்தைக் காப்பது என்றால் கோழிகளின் தலையை எண்ணினால் போதாது. அமெரிக்க விஞ்ஞானி சிவால் ரைட் இதற்கு ஓர் எளிய கணக்குச் சொன்னார். சேவல் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுக்கவேண்டும். ஒரு குக்கிராமத்தில் ஒரு சேவலும் இருபது பெட்டையும் இருந்தால் விடை 3.8. பார்வைக்கு இருபத்தொரு கோழி. பாரம்பரியக் கணக்கில் நாலு கோழிகூட இல்லை! அதே இருபத்தொன்றில் சேவல் ஐந்தும் பெட்டை பதினாறுமாக இருந்தால் விடை 15-க்கு மேல் போகிறது. கூடுதல் தீனி கிடையாது, கூடுதல் இடம் கிடையாது. சேவலின் எண்ணிக்கை மட்டும் மாறியிருக்கிறது. ஒரே சேவலையே நம்பினால் அண்ணன் தங்கை உறவிலேயே குஞ்சு பிறந்து, பொரிக்காத கூமுட்டையும் நோஞ்சான் குஞ்சும் பெருகும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து நாட்டு ஊரோடு சேவலை மாற்றிக்கொள்வது நல்லது. மாற்றும் சேவல் மலைச் சேவலாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

வம்சத்தை ஒரே வாரத்தில் துடைத்துவிடக்கூடிய எதிரி கோழிக் கழிச்சல். 1920-களில் இமயமலைச் சாரலில் உள்ள ராணிக்கேட்டில் அடையாளம் காணப்பட்டதால் ராணிக்கேட் நோய் என்று பெயர். இதற்கு 1940-களிலேயே முக்தேசுவரம் ஆராய்ச்சி நிலையத்தில் தடுப்பு மருந்து கண்டுவிட்டார்கள். எண்பது வருஷம் ஆகியும் மலையில் கோழி சாகக் காரணம் மருந்தின் சுபாவம். ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கும் மேற்பட்டது. பனிக்கட்டியில் வைத்தே கொண்டுபோக வேண்டும். கரைத்த பின் சில மணி நேரமே பலிக்கும். வீட்டுக்குப் பத்துக் கோழி என்றால் பத்து வீடு ஒரே நாளில், கோழியை மேய விடாமல் விடியற்காலையில் கூடையிலேயே கவிழ்த்து வைத்திருந்தால்தான் ஒரு குப்பி செல்லும். கால்நடைப் பராமரிப்புத் துறையார் நடத்தும் முகாம் நாளை முன்கூட்டித் தெரிந்து வைத்துக்கொள்வதில் பாதிக் காரியம் இருக்கிறது.

மீதிப் பாதி சந்தை நாளில் இருக்கிறது. கைச்செலவுக்குப் பணம் வேண்டியபோது முதலில் கயிறு விழுவது ஊரிலேயே கொழுத்த, காலும் மார்பும் எடுப்பான சேவலின் காலில்தான். விலை அதற்குத்தானே அதிகம்! விலை போகாத நோஞ்சான் சேவல் வீட்டிலேயே தங்கி அடுத்த வருஷத்துக் குஞ்சுகளுக்கெல்லாம் தகப்பனாகிவிடுகிறது. நல்ல சேவலை விற்கவேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. பெட்டைகள் ஒரு சுற்று அடைக்கு உட்காரும் வரை, ஒரு மாதம் பொறுத்து விற்றால், சேவல் சந்தைக்குப் போனாலும் அதன் குஞ்சுகள் முற்றத்தில் கிளறிக்கொண்டிருக்கும்.